ஸ்டென்ட், பைபாஸுக்குப் பிறகு இனத்துக்கு இனம் ஏன் வித்தியாசம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். பாதி நாள் இதயப் பிரிவில்தான் போகும். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்வதோடு என் வேலை முடிந்தது. நடுவில் சொந்தக் கருத்தைச் செருகக் கூடாது. ஆனால் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனபிறகு, லிஃப்டுக்குக் காத்து நிற்கும்போது, கேள்விகள் வரும். “தம்பி, வெள்ளைக்காரருக்கு வைக்கிற அதே ஸ்டென்ட்தானே எங்கட அவருக்கும் வைச்சவை?” என்று ஒரு அம்மா கேட்டார். அதே ஸ்டென்ட்தான் அம்மா என்றேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் அவர் கேட்டதன் மறுபாதி உறைத்தது. ஸ்டென்ட் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருடம் வாழ்வதும் எல்லோருக்கும் ஒன்றுதானா?

அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதோ மாற்றுவதோ வேண்டாம்.

ஸ்டென்ட், பைபாஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

தெரிந்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது. மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அடைப்பு உள்ள இடத்தில் பலூனை ஊதி விரித்து, மறுபடி சுருங்காமல் இருக்க ஒரு வலைக்குழாயை வைத்துவிட்டு வருவது ஒரு வழி. அந்த வலைக்குழாய்தான் ஸ்டென்ட். நெஞ்சைத் திறந்து, காலிலிருந்தோ நெஞ்சுச் சுவரிலிருந்தோ கையிலிருந்தோ ஒரு குழாயை எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதிய பாதை போடுவது பைபாஸ்.

பைபாஸை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ. 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்தார். பலூன் வைத்தியத்தை 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் தொடங்கிவைத்தார். முதல் ஸ்டென்ட் 1986இல். நமக்குப் பக்கத்துச் செய்தி ஒன்று: இந்தியாவின் முதல் பைபாஸ் 1975இல் நடந்தது சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். செய்தவர் டாக்டர் கே.எம். செரியன்.

தெற்காசியர்களுக்கு ஸ்டென்ட் வைத்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்துவிடுகிறார்களாமே?

இல்லை. பிரிட்டனில் ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொருவரின் விவரமும் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. 2004 முதல் 2011 வரை அதில் ஏறிய ஏறக்குறைய 2,79,000 பேரை எடுத்து, தெற்காசியர்களையும் வெள்ளையர்களையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் தெற்காசியர்கள் சுமார் 20,000 பேர். நம்மவர்களின் சராசரி வயது 60, வெள்ளையர்களுக்கு 65. சர்க்கரை நோய் நம்மவர்களில் 42 சதவீதம் பேருக்கு, அவர்களில் 15 சதவீதம் பேருக்கு. அடைப்பும் நம்மவர்களுக்குத்தான் அதிக இடங்களில். இவ்வளவு சுமையோடு வந்தும், மருத்துவமனையில் இருக்கும்போது நேரும் சிக்கல்களிலும் சரி, அடுத்த சில வருடங்களின் இறப்பிலும் சரி, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டபின் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

இது தனித்து நிற்கும் முடிவும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2013இல் வெளியானது. இதய நோய் வருவது தெற்காசியர்களுக்கு அதிகம், ஆனால் வந்தபிறகு பிழைத்திருப்பதில் அவர்கள் வெள்ளையர்களைவிடப் பின்தங்கவில்லை என்றுதான் அதுவும் சொன்னது. நோய் வருவதும் வந்தபின் என்ன ஆகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அப்படியானால் நிம்மதியாக இருக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். “கணக்கில் எடுத்துக்கொண்டபின்” என்று சொன்னேனே, விஷயம் அதில்தான் இருக்கிறது. ஒரே வயது, ஒரே சர்க்கரை, ஒரே கிட்னி நிலை உள்ள ஒரு தெற்காசியரையும் ஒரு வெள்ளையரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். இனம் என்பது மட்டும் தனியாக ஆளைக் கொல்லவில்லை என்று காட்ட அந்தக் கணக்கு உதவும். ஆனால் வார்டில் அப்படி ஜோடி சேர்த்து யாரும் படுத்திருப்பதில்லை. நிஜத்தில் நம் ஆள் ஐந்து வயது இளையவர், சர்க்கரையோடு வருகிறார். சர்க்கரையைக் கணக்கிலிருந்து கழிக்கலாம், உடம்பிலிருந்து கழிக்க முடியாது.

இன்னொன்று. 60 வயதுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்தால் அதோடு அவர் இன்னும் இருபது, இருபத்தைந்து வருடம் ஓட்ட வேண்டும். ஆய்வு பின்தொடர்ந்தது மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக. பிந்தைய வருடங்களில் பழைய ஸ்டென்டைவிடப் புதிதாக வரும் அடைப்பு பெரிய தொல்லை. அதைத் தீர்மானிப்பது சர்க்கரை, கொழுப்பு, பிரஷர், புகை. என்னைக் கேட்டால், நீண்ட காலப் பலன் என்ற பேச்சில் பாதிக்கு மேல் சர்க்கரையைப் பற்றிய பேச்சுதான். அதை இனம் என்ற பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு ஏன் இவ்வளவு இளம் வயதிலேயே வருகிறது?

52 நாடுகளில் நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2004இல் வெளியானது. ‘இன்டர்ஹார்ட்’ என்று பெயர், கனடாவில் இருக்கும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமை. அதிலிருந்து தெற்காசியர்களை மட்டும் தனியே எடுத்து 2007இல் பார்த்தார்கள். முதல் மாரடைப்பு வரும் நடு வயது தெற்காசிய நாடுகளில் 53, மற்ற நாடுகளில் 59 என்று வந்தது. ஏதோ நமக்கு மட்டும் உள்ள மர்மமான காரணம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். காரணங்கள் உலகம் முழுக்க ஒன்றேதான்: புகை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடல் உழைப்பின்மை, மது சம்பந்தப்பட்ட பழக்கம். மாரடைப்பில் ஏறக்குறைய 90 சதவீதத்தை இந்த ஒன்பதே விளக்கிவிடுகின்றன. நம்மவர்களிடம் இவற்றில் பல சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

தொப்பையைப் பற்றிக் கூடுதலாக ஒரு வரி. பார்க்க ஒல்லியாக இருப்பார்கள், கை கால் குச்சி மாதிரி இருக்கும், வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைத் தள்ளும். இந்த உடல்வாகைப் பார்த்துத்தான் டாக்டர்கள் பயப்படுகிறார்கள். அதனால்தான் தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு எல்லையை 90 சென்டிமீட்டர் என்று குறைத்து வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கு 80. டேப்பைத் தொப்புள் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். பேண்ட் அளவை நம்பாதீர்கள், நாம் பேண்டை வயிற்றுக்குக் கீழே அல்லவா கட்டுகிறோம்.

நம் ரத்தக் குழாயே சிறியதாமே? அதனால்தான் ஸ்டென்ட் மறுபடி அடைக்கிறதா?

லண்டனிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். மில்லிமீட்டரில் பார்த்தால் தெற்காசியர்களின் குழாய் கொஞ்சம் சிறியதுதான். உடம்பின் அளவுக்கு ஏற்றபடி வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது. சின்ன உடம்புக்குச் சின்னக் குழாய், அதில் இனம் எங்கே வந்தது? ஆனால் ஸ்டென்டுக்கு இந்த வகுத்தல் கணக்கு தெரியாது. 2.5 மில்லிமீட்டர் குழாயில் வைக்கும் ஸ்டென்டில் கொஞ்சம் சதை வளர்ந்தாலும் பாதை போய்விடும். 3.5 மில்லிமீட்டர் குழாய் அதே வளர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். குழாய் சிறியதாக இருந்து சர்க்கரையும் சேர்ந்தால் மறுபடி அடைக்கும் வாய்ப்பு கூடும். அது யாருக்கும் பொது. குள்ளமான ஐரோப்பியப் பெண்மணிக்கும் இதே கதைதான்.

டாக்டர் பைபாஸ்தான் நல்லது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் போதும் என்றார்களே?

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறதா, எத்தனை குழாயில் அடைப்பு என்று கேட்டீர்களா? சர்க்கரை உள்ளவர்களுக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு இருந்தால் எது மேல் என்று 1,900 பேரை வைத்துப் பார்த்த ‘ஃப்ரீடம்’ ஆய்வு 2012இல் வந்தது. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9 சதவீதம். மாரடைப்பும் பைபாஸ் பக்கம் குறைவு. ஆனால் பக்கவாதம் பைபாஸ் பக்கம் கூடுதல்: 5.2 சதவீதத்துக்கு எதிராக 2.4.

இது இனத்தை வைத்துச் செய்த ஆய்வு இல்லை. ஆனால் ஸ்டென்ட் மேசைக்கு வரும் பத்துத் தெற்காசியர்களில் நான்கு பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றால், இந்த முடிவு யாருக்கு அதிகம் பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். “நெஞ்சைத் திறக்க வேண்டாம், ரெண்டு ஸ்டென்டை வைத்து விடச் சொல்லு” என்று மகனிடம் கெஞ்சும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இடத்தில் பயத்துக்கு ஐந்து வருடக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஆசியர்களுக்கு வேலை செய்யாதாமே?

இது வதந்தி இல்லை. ஆனால் சொல்லப்படும் விதம் தப்பு.

ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் கொடுப்பார்கள். உலகத்தில் அதிகம் பேர் சாப்பிடுவது க்ளோபிடோக்ரெல். அது விழுங்கியபடியே வேலை செய்யும் மருந்து இல்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைப் பதப்படுத்தித் தந்தால்தான் மருந்தாகும். நெல்லை அப்படியே சாப்பிட முடியாது, குத்தி அரிசியாக்க வேண்டும் என்பது போல. அந்த நொதிக்கான மரபணுவின் பெயர் சிஒய்பி2சி19. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் வரும். ஒரு பிரதி பழுது என்றால் அரிசி கொஞ்சம் குறையும். இரண்டும் பழுது என்றால் மாத்திரை கிட்டத்தட்ட வீண்.

ஐரோப்பிய வம்சாவளியினரில் இரண்டு பிரதியும் பழுதானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். கிழக்கு ஆசியர்களில் இது நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டுகிறது. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினர் 44,000 பேரின் மரபணுவைப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. 57 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பிரதி பழுது, 13 சதவீதம் பேருக்கு இரண்டும். க்ளோபிடோக்ரெல் சாப்பிட்டவர்களில் இரண்டும் பழுதானவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அது தமிழர்களை எண்ணி எடுத்த கணக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலேயே இந்த மருந்தின் விவரத் தாளில் இதுபற்றிக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடவைத்தது. ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளியினர் நிறைந்த ஹவாய் மாநிலம் அதோடு விடவில்லை. தெரிந்தும் மறைத்தார்கள் என்று சொல்லி, மருந்தை விற்ற இரண்டு கம்பெனிகள் மீதும் 2014இல் வழக்குப் போட்டது. 2021இல் 83.4 கோடி டாலர் அபராதம். மேல் நீதிமன்றம் 2023இல் அதன் ஒரு பகுதியை மறு விசாரணைக்கு அனுப்பியது. 2024இல் தொகை 91.6 கோடி டாலராக ஏறியது. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. இதயத்துக்குப் போகும் ஒரு மாத்திரை பற்றி ஒரு மாநிலமே நீதிமன்றம் ஏறிய கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

சரி, இதனால் என்ன செய்ய வேண்டும்? மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து ஆளையே கொண்டுபோய்விடும், அதுவும் முதல் சில மாதங்களில். பத்தில் மூன்று பங்கு வேலை செய்யும் மாத்திரைகூட ஒன்றுமே இல்லாததைவிட மேல். டிகாக்ரெலர், பிரசுக்ரெல் என்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன, இந்த மரபணுக் குறை அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பெரிய மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இப்போது பல இடங்களில் அவற்றைத்தான் கொடுக்கிறார்கள். அவற்றில் ரத்தக் கசிவு கொஞ்சம் கூடுதல், சிலருக்கு டிகாக்ரெலர் மூச்சு வாங்கவும் வைக்கும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டதா? அப்போது “மரபணு சோதனை பார்க்கலாமா?” என்று கேட்பது நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் பக்கவாதம் வந்து க்ளோபிடோக்ரெல் தொடங்குபவர்களுக்கு அந்தச் சோதனையைச் செய்யலாம் என்று 2024இல் அரசு வழிகாட்டுதலே வந்துவிட்டது.

மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை என்றால் சீனருக்கும் ஜப்பானியருக்கும் ஸ்டென்ட் நிறைய அடைக்க வேண்டுமே?

அடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கிழக்கு ஆசியர்களிடம் மாத்திரையின் பலம் குறைவாகத் தெரிந்தாலும் ஸ்டென்டில் ரத்தம் உறைவது எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை. மாறாக, ரத்தக் கசிவு வெள்ளையர்களைவிட அதிகம். இதய டாக்டர்கள் இதைக் கிழக்கு ஆசியப் புதிர் என்றே சொல்கிறார்கள். அதனால் ஜப்பானில் பிரசுக்ரெல் தினமும் 3.75 மில்லிகிராம்தான், மேற்கில் 10. நூற்றுக்கு நூறு ஒரே மருந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அளவு. கொழுப்பு மாத்திரை ரோசுவாஸ்டாட்டினும் ஆசியர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு அளவு ஏறுகிறது என்பதால், அமெரிக்காவில் அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் எப்படி? அங்கே எல்லோருக்கும் ஒரே மருத்துவமனைதானே?

எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த ஊர் சிங்கப்பூர்தான். சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்று பேரும் ஒரே சின்னத் தீவில், ஒரே மாதிரியான அடுக்குமாடி வீடுகளில், ஒரே மருத்துவ முறைக்குள் இருக்கிறார்கள். அங்குள்ள இந்தியர்களில் தமிழர்கள்தான் பெரும் பங்கு. மாரடைப்புகளை ஊர் முழுக்க எண்ணும் பதிவேடும் இருக்கிறது. 1990களின் கணக்கை வைத்துப் பார்த்தபோது, மாரடைப்பு அதிகம் வந்தது இந்தியர்களுக்கு. ஆனால் வந்தவர்களில் இறந்த விகிதம் அதிகமாக இருந்தது மலாய்க்காரர்களிடம். சீனர்களுக்கு மாரடைப்பே குறைவு.

நோய் வருவதில் முதலிடம் ஒருவருக்கு, வந்தபின் இறப்பதில் முதலிடம் இன்னொருவருக்கு. பிரிட்டனில் பார்த்த அதே பிளவு இங்கேயும் தெரிகிறது. ஆசியர் என்று எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுச் செய்யும் ஆய்வைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். சிங்கப்பூர்க் கூடையை மொத்தமாக எடுத்துச் சராசரி பார்த்திருந்தால் இந்த மூன்று கதையும் காணாமல் போயிருக்கும்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவர்களின் நிலை?

அங்கேதான் வித்தியாசம் பிடிவாதமாக நிற்கிறது. பத்து ஸ்டென்ட் ஆய்வுகளைச் சேர்த்து, 22,000க்கு மேற்பட்டோரை ஐந்து வருடம் பின்தொடர்ந்த கணக்கு 2020இல் வந்தது. இதயச் சாவு, மாரடைப்பு, அதே இடத்தில் மறுபடி வைத்தியம் என்ற மூன்றில் ஒன்று நேர்ந்தவர்கள் வெள்ளையர்களில் 18.8 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 23.9, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான ஹிஸ்பானியர்களில் 21.5, ஆசியர்களில் 11.2. சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபிறகும் கறுப்பினத்தவர்களின் வித்தியாசம் போகவில்லை.

ஆசியர்களின் 11.2ஐப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், மொத்தமே ஐந்நூறுக்கும் குறைவான ஆட்கள், அதில் எந்த நாட்டு ஆசியர் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லாது. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அமெரிக்க மக்கள்தொகையில் எட்டில் ஒருவர் கறுப்பினத்தவர், இந்த ஆய்வுகளில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். வருமானம், இன்சூரன்ஸ், வீட்டிலிருந்து மருந்துக்கடை எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இப்படிப்பட்ட ஆய்வுப் படிவங்களில் இருப்பதில்லை. அளக்காமல் விட்டதையெல்லாம் இனம் என்ற ஒரே வார்த்தைக்குள் தள்ளிவிட்டு ரத்தத்தில் காரணம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம்மவர்களுக்கு வைத்தியம் சமமாகக் கிடைக்கிறதா?

கிழக்கு லண்டனில் ஆஞ்சியோகிராம் எடுத்த 502 தெற்காசியர்களையும் 2,974 வெள்ளையர்களையும் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியானது. நிபுணர் குழு வகுத்த அளவுகோலின்படி ஸ்டென்டோ பைபாஸோ தேவை என்று வந்தவர்களில், அதை உண்மையில் செய்துகொண்ட தெற்காசியர்கள் குறைவு. டாக்டர்களின் பாரபட்சம் என்றும் அதை விளக்கிவிட முடியவில்லை. ஆனால் இறப்பிலும் அடுத்த மாரடைப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை.

பாரபட்சம் இல்லை என்றால் வேறு என்ன? நான் பார்த்ததைச் சொல்கிறேன், இது ஆய்வு இல்லை. டாக்டர் பத்து நிமிடம் விளக்கியதை “மகன் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்” என்று தள்ளிவைப்பார்கள். மகன் சனிக்கிழமைதான் வருவார். ஆபத்துகளைப் படித்துக் கையெழுத்துப் போடும் தாளில் “பக்கவாதம், மரணம்” என்ற சொற்களை நான் தமிழில் சொன்னதும் முகம் மாறும். ஒருமுறை ஒரு ஐயா பேனாவைத் திருப்பி என்னிடமே நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் பேத்தியை உட்காரவைத்துப் பேசுவதும் நடக்கிறது. பதினைந்து வயதுப் பெண்ணால் தாத்தாவிடம் மரணம் என்ற வார்த்தையைச் சொல்ல முடியுமா? விட்டுவிடுவாள். அவரும் ஏதோ சின்ன வைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போவார், அல்லது தேவையில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

இந்த ஆய்வுகளில் ‘தெற்காசியர்’ என்றால் தமிழரும் சேர்த்தியா?

சேர்த்திதான், ஆனால் கரைந்து போயிருக்கிறோம். பிரிட்டிஷ் படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனிக் கட்டம் உண்டு. இலங்கைத் தமிழருக்குக் கட்டம் கிடையாது, ‘வேறு ஆசியர்’ என்பதில் குறியிட வேண்டும். பதிவு மேசையில் அவசரமாக இருந்தால் இந்தியர் என்றே போட்டுவிடுவார்கள். கனடாவில் தெற்காசியர் என்று ஒரே கட்டம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியர்.

இந்தக் கலப்பில் நஷ்டம் இருக்கிறது. வங்கதேச ஆண்களில் புகைப்பவர்கள் அதிகம், பஞ்சாபிச் சீக்கியர்களில் மிகக் குறைவு. சராசரி என்று வரும் எண் இருவரில் யாருக்கும் பொருந்தாது. தமிழருக்கும் அப்படித்தான். அடுத்த முறை அந்தப் படிவம் வந்தால் ‘வேறு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதிவையுங்கள். எண்ணுவார்களோ மாட்டார்களோ, எழுதினால்தானே எண்ண முடியும்.

புலம்பெயர்ந்தவர்கள் பற்றிய கணக்கை முழுக்க நம்பலாமா?

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நாடு விட்டு நாடு போகிறவர்கள் பொதுவாகத் திடமானவர்கள், நோயாளி கப்பலேற மாட்டார். அதனால் முதல் தலைமுறையின் எண்கள் கொஞ்சம் நன்றாகவே தெரியும். இரண்டாவது, வயதானதும் “கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்விடுகிறேன்” என்று போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்திலோ வங்கதேசத்துச் சில்ஹெட்டிலோ நடந்த சாவு லண்டன் பதிவேட்டுக்கு வந்து சேராது. அந்தப் பதிவேட்டில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

தமிழ்நாட்டிலும் இதே வித்தியாசங்கள் உண்டா?

மேலே சொன்னவை எல்லாம் பல இனங்கள் கலந்து வாழும் ஊர்களின் கணக்கு. தமிழ்நாட்டுக்குள் கேள்வி வேறு: மாரடைப்பு வந்த எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார், மாத்திரைக்கு மாதாமாதம் பணம் இருக்கிறதா. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து தடவிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. ஸ்டென்ட் செலவு ஒரு நாள் செலவு. மாத்திரைச் செலவு ஆயுள் செலவு.

வைத்தியம் முடிந்தபின் உடற்பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்கிறார்கள். அவசியமா?

ஆம். போகிறவர்களில் நம்மவர்கள் குறைவு, அதிலும் பெண்கள் மிகக் குறைவு. “ஆம்பளைகள் நடுவில் நின்று கையைக் காலை ஆட்டுவதா?” என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு நர்ஸ் வீட்டிலேயே செய்யும் அட்டவணையைக் கொடுத்தார். கேட்டால் தருவார்கள். சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுகூடப் பயிற்சிதான்.

எனக்கு 48 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் வருமா?

வர வேண்டும் என்று விதி இல்லை. ஆனால் அப்பாவுக்கு 55 வயதுக்குள்ளோ அம்மாவுக்கு 65 வயதுக்குள்ளோ வந்திருந்தால் பிள்ளைகளின் ஆபத்து கூடுதல் என்றுதான் டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் வயது இருபதைத் தாண்டியிருந்தால் கொழுப்பு, சர்க்கரை, பிரஷர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒரு ரத்தச் சோதனையும் இருக்கிறது. அது பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும் எண், தெற்காசியர்களிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் ஐரோப்பியர்களைவிடக் கூடுதலாக இருக்கும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். போகும்போது உங்கள் டிஸ்சார்ஜ் தாளின் நகலைப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். “அப்பாவுக்கு ஏதோ ஹார்ட் பிராப்ளம்” என்று சொன்னால் டாக்டர் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தக் குழாய், எந்த வயது, எத்தனை ஸ்டென்ட் என்று அந்தத் தாளில் இருக்கிறது.